டாக்டர் ரெட்டிஸ்: விற்பனை 17 சதவீதம் ஏறியும் லாபம் ஏன் அசையவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா வாங்கி வைத்திருந்த டாக்டர் ரெட்டிஸ் மருந்துக் கம்பெனியின் பங்குகள் உங்கள் பெயருக்கு வந்திருக்கின்றன. 2024-25 கணக்கைப் பார்த்தால் விற்பனை 17 சதவீதம் கூடியிருக்கிறது, நிகர லாபம் 2 சதவீதம்தான் கூடியிருக்கிறது. முந்தைய ஆண்டு பங்குக்கு 40 ரூபாய் கொடுத்தவர்கள் இந்த முறை 8 ரூபாய் அறிவித்திருக்கிறார்கள். "அமெரிக்காவில் ஒரே ஒரு மருந்தை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது, அது போனால் கம்பெனி படுத்துவிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். அது உண்மையா, கம்பெனி என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

டிவிடெண்ட் பற்றிய கவலையை உடனே தீர்த்துவிடலாம். 2024 அக்டோபரில் 5 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 1 ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு 40 ரூபாய் என்பதும் ஐந்து பங்குக்குத் தலா 8 ரூபாய் என்பதும் ஒன்றேதான். உங்கள் டிமேட் கணக்கில் பங்குகளின் எண்ணிக்கை ஐந்து மடங்காகியிருக்கும், பாருங்கள். குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

லாபம் பற்றிய கேள்விதான் முக்கியமானது. மருந்து மொத்த வியாபாரத்தின் கணக்குகளை இருபது வருடங்களுக்கு மேல் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மருந்துக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கில் மொத்தத் தொகையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு ரூபாயும் எந்த நாட்டில், எந்த மருந்தில், எத்தனை நாள் நீடிக்கக்கூடிய வியாபாரத்தில் வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

2023-24-ல் மொத்த வருவாய் 27,916 கோடி ரூபாய், 2024-25-ல் 32,554 கோடி. ஆக, 4,638 கோடி கூடியிருக்கிறது. நிகர லாபம் 5,568 கோடியிலிருந்து 5,654 கோடி ஆனது. கூடுதல் 86 கோடி மட்டுமே. இவ்வளவு பணம் உள்ளே வந்து, இவ்வளவு கொஞ்சம்தான் மிஞ்சியது என்றால் நடுவில் எங்கே போனது?

பொருளைத் தயாரிக்கிற செலவில் கோளாறு இல்லை. உற்பத்திச் செலவு போக நிற்கிற மொத்த லாப விகிதம் இரண்டு ஆண்டுகளிலும் 58.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அப்படியானால் கூடுதலாக வந்த 4,638 கோடியில் ஏறக்குறைய 2,700 கோடி அடுத்த படிக்கு வந்திருக்க வேண்டும், வந்தது. அங்கேதான் செலவு காத்திருந்தது. விற்பனை, நிர்வாகச் செலவு 7,720 கோடியிலிருந்து 9,387 கோடிக்குப் போய்விட்டது. அதிலேயே 1,667 கோடி கரைந்தது. ஆராய்ச்சிச் செலவு 2,287 கோடியிலிருந்து 2,738 கோடி, அதாவது இன்னொரு 450 கோடி. மிஞ்சியதிலும் வரியின் பங்கு கூடியது. முந்தைய ஆண்டு வரிக்கு முன்பான லாபத்தில் 22.5 சதவீத அளவில் இருந்த வரி இந்த ஆண்டு 25 சதவீதத்தை எட்டியது. இப்படிப் படிப்படியாக இறங்கித்தான் கடைசியில் 86 கோடி நின்றது.

இந்த விற்பனைச் செலவு ஏன் இப்படி எகிறியது என்பதில்தான் கம்பெனியின் திட்டம் முழுக்க அடங்கியிருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் அந்த 'ஒரே ஒரு மருந்து' கதையைச் சொல்லியாக வேண்டும்.

அந்த மருந்தின் பெயர் லெனலிடோமைட். எலும்பு மஜ்ஜையில் வரும் 'மல்டிபிள் மைலோமா' என்ற புற்றுநோய்க்குக் கொடுக்கும் காப்ஸ்யூல். அமெரிக்காவில் 'ரெவ்லிமிட்' என்ற பெயரில் செல்ஜீன் நிறுவனம் விற்றது. பிறகு செல்ஜீனை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் வாங்கிக்கொண்டது. 2021-ல் இந்த ஒரு மருந்தின் விற்பனை மட்டும் 12.8 பில்லியன் டாலர். காப்புரிமை வழக்குகளில் ஜெனரிக் கம்பெனிகளோடு, அதாவது அதே மருந்தை நகலாகத் தயாரிப்பவர்களோடு, ஒன்றன்பின் ஒன்றாகச் சமரசம் ஏற்பட்டது. 2022 மார்ச் முதல் ஜெனரிக் வரலாம், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஆண்டுக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்று அளவு உண்டு. 2026 ஜனவரி 31-க்குப் பிறகு அந்த வரம்பு கிடையாது. இதுதான் சமரசத்தின் சாரம். நாட்கோவும் டேவாவும் 2022 மார்ச்சில் முதலில் நுழைந்தார்கள். டாக்டர் ரெட்டிஸ் 2022 செப்டம்பரில் நுழைந்தது. 2.5 மில்லிகிராம், 20 மில்லிகிராம் அளவுகளுக்கு 180 நாள் தனியுரிமையும் (அதுவரை வேறு ஜெனரிக் வர முடியாது) அதற்குக் கிடைத்தது.

இந்த அளவு வரம்பு லாபத்துக்கு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாதாரணமாக ஒரு மருந்தின் காப்புரிமை தீர்ந்தால் ஏழெட்டுக் கம்பெனிகள் ஒரே நாளில் சந்தைக்கு வரும். அமெரிக்காவில் ஜெனரிக் மருந்துக் கொள்முதலில் பெரும்பகுதி மூன்று பெரிய வாங்கும் கூட்டணிகளின் கையில் இருக்கிறது. அவர்கள் ஒருவரை இன்னொருவரோடு மோதவிட்டு விலையை அடிப்பார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விலை விழுவது சகஜம். லெனலிடோமைடில் அப்படி நடக்கவில்லை. ஏனென்றால் விலையைக் குறைத்து யாரும் கூடுதலாக விற்க முடியாது. உங்களுக்கு ஒதுக்கியது நூறு பெட்டி என்றால் நூறு பெட்டிதான். அதை ஏன் மலிவாகத் தள்ள வேண்டும்? ஆகவே ஜெனரிக் மருந்தில் வழக்கமாகக் கிடைக்காத பெரிய லாபம் கிடைத்தது. மருந்து வியாபாரத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

டாக்டர் ரெட்டிஸ் கணக்கில் இதன் தடம் அப்பட்டமாகத் தெரியும். வட அமெரிக்க விற்பனை 2021-22-ல் சுமார் 7,490 கோடி. அடுத்த ஆண்டு 10,170 கோடி. 2023-24-ல் 12,990 கோடி, 2024-25-ல் 14,516 கோடி. மூன்றே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிகர லாபமோ 2021-22-ல் 2,357 கோடியாக இருந்தது 2023-24-ல் 5,568 கோடியாகிவிட்டது. லெனலிடோமைடில் மட்டும் எவ்வளவு வந்தது என்று கம்பெனி தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் விற்பனையில் அதன் பங்கைவிட லாபத்தில் அதன் பங்கு பல படி பெரியது என்பதை இந்தப் பாய்ச்சலைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னதில் இதுவரை உண்மை இருக்கிறது. இதற்கு மேல் அவர் சொன்னது எனக்கு ஏற்பில்லை. 2021-22-ல் இந்த மருந்து இல்லாமலேயே 21,439 கோடி வியாபாரமும் 2,300 கோடிக்கு மேல் லாபமும் பார்த்த கம்பெனி இது. லெனலிடோமைட் போனால் லாபம் குறையும், கண்டிப்பாகக் குறையும். ஆனால் கம்பெனி படுக்காது.

அதோடு, இப்படி ஒரு மேட்டில் ஏறி இறங்குவது இவர்களுக்குப் புதிதும் அல்ல. குண்டூர் மாவட்டத்து மஞ்சள் விவசாயியின் மகனான அஞ்சி ரெட்டி, ஹைதராபாதில் அரசின் ஐ.டி.பி.எல். நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1984-ல் 25 லட்சம் ரூபாய் முதலீட்டில் ஆரம்பித்தது இந்தக் கம்பெனி. 2001 ஏப்ரலில் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலானது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'புரோசாக்' மருந்தின் ஜெனரிக்கான ஃப்ளூவாக்ஸெடின் 40 மில்லிகிராமுக்கு அமெரிக்காவில் 180 நாள் தனியுரிமை கிடைத்தது. அந்த ஆறு மாதம் பணம் கொட்டியது. காலம் முடிந்ததும் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள், விலை சரிந்தது. அப்போதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அடுத்து என்ன?

அந்தக் காலத்து 'அடுத்து என்ன' என்பதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்று இன்றைக்கும் மனதில் வைக்க வேண்டியது. 2006-ல் ஜெர்மனியின் பீட்டாஃபார்ம் கம்பெனியை 48 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். ஓர் இந்திய மருந்துக் கம்பெனி வெளிநாட்டில் அதுவரை செய்த வாங்கல்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஜெர்மனியில் சட்டம் மாறியது, காப்பீட்டு அமைப்புகள் டெண்டர் விட்டு மருந்து வாங்க ஆரம்பித்தன. யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே ஆர்டர். பீட்டாஃபார்மின் பலமே மருத்துவர்களிடம் அதற்கிருந்த நல்ல பெயர்தான். டெண்டரில் அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. கொடுத்த விலையில் பெரும்பகுதியைக் கணக்கில் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கம்பெனி கையில் பணம் நிறைய இருக்கும் காலத்தில் செய்கிற வாங்கலைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். லெனலிடோமைட் பணம் வந்த இந்தக் காலத்திலும் பெரிய வாங்கல் நடந்திருக்கிறது.

2024 ஜூனில் அறிவித்து செப்டம்பர் 30-ல் முடித்த வாங்கல் அது. ஹேலியன் நிறுவனத்திடமிருந்து, அமெரிக்கா தவிர்த்த உலகத்துக்கான நிகோடின் மாற்று பிராண்டுகள்: நிகோடினெல், நிகாபேட், ஹேபிட்ரால், த்ரைவ். சிகரெட்டை விட நினைப்பவர்கள் மெல்லும் கம், தோலில் ஒட்டும் பேட்ச், சப்பும் மாத்திரை. விலை மொத்தம் 50 கோடி பவுண்டு வரை. அதில் 45.8 கோடி முதலிலேயே, மீதி பிறகு இலக்கைப் பொறுத்து. கையிலிருந்த நிகர ரொக்கம் சுமார் 6,460 கோடியிலிருந்து 2,450 கோடி அளவுக்கு இறங்கியதற்கு இதுவே பெரிய காரணம்.

இதன் விளைவு அந்த ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. ஐரோப்பிய விற்பனை 2,052 கோடியிலிருந்து 3,588 கோடி ஆனது. 75 சதவீத வளர்ச்சி என்று பெரிதாகத் தெரிகிறது. அதில் சுமார் 1,200 கோடி இந்த நிகோடின் பிராண்டுகளிலிருந்து ஆறு மாதத்தில் வந்தது. இதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கம்பெனியின் மொத்த வளர்ச்சி 17 அல்ல, 12 சதவீதம்தான். இனி அந்த விற்பனைச் செலவுக்கு வருவோம். வாங்கிய பிராண்டுக்குக் கொடுத்த விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுதுகிறார்கள். அந்த எழுத்து விழுவது விற்பனை, நிர்வாகச் செலவுத் தலைப்பில்தான். கடை அலமாரியில் விற்கும் பொருளுக்கு விளம்பரமும் தேவை. லாபம் ஏன் அசையவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. வாங்கலின் செலவு முதல் நாளிலிருந்தே கணக்கில் விழுகிறது, பலன் வரப் பல வருடம் ஆகும்.

இந்த வாங்கல் பீட்டாஃபார்ம் மாதிரி ஆகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிகோடின் கம் வாங்குகிறவர் டாக்டர் சீட்டு இல்லாமல், தன் காசைக் கொடுத்து, பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார். டெண்டர் விடுகிற காப்பீட்டு அமைப்பு நடுவில் பெரிதாக இல்லை. ஆனால் வேறொரு கவலை உண்டு. ஜெனரிக் தயாரிப்பவர்களுக்கு வழக்கறிஞரையும் வேதியியலாளரையும் வைத்து வேலை வாங்கத் தெரியும். நுகர்வோர் பிராண்டை இருபது முப்பது நாடுகளில் வளர்ப்பது வேறு கலை. நாடு நாடாக ஹேலியன் கையிலிருந்து வியாபாரத்தை இவர்கள் கைக்கு மாற்றும் வேலையே நீண்டது. அந்த மாற்றம் முடிந்த பிறகு இந்த பிராண்டுகள் தாமாக எவ்வளவு வளர்கின்றன என்பதில்தான் இந்த 50 கோடி பவுண்டின் மதிப்பு தெரியும்.

இந்தியக் கணக்கு எனக்கு நெருக்கமானது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. ஓமெஸ், நைஸ், ஸ்டாம்லோ என்று சொன்னால் உங்கள் வீட்டிலும் யாராவது தலையாட்டுவார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் 'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வருபவருக்கு ஓமெஸ் அட்டையை எடுத்து நீட்டுவது எத்தனையோ வருடத்து வழக்கம். இந்திய விற்பனை 2023-24-ல் 5 சதவீதம் இறங்கி 4,641 கோடியானது, அடுத்த ஆண்டு 16 சதவீதம் ஏறி 5,373 கோடியானது. இந்த இரண்டு எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துவிடுவோம். இறங்கியதாகச் சொன்ன ஆண்டில் மருந்து விற்பனை படுத்துவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு சில பிராண்டுகளையே விற்றிருந்தார்கள். தோல் நோய்க்கான ஒன்பது பிராண்டுகளை மட்டும் எரிஸ் நிறுவனம் 275 கோடிக்கு வாங்கியது. அந்த ஒரு தடவை வருமானம் ஒப்பிடும் ஆண்டில் உட்கார்ந்திருந்ததால் அடுத்த ஆண்டு இளைத்துத் தெரிந்தது.

அதேபோல 16 சதவீத ஏற்றத்தையும் உரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) கடையில் கணக்கு எழுதும்போது ஒரு கம்பெனியின் வளர்ச்சியை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்: விலை ஏறியதால் வந்தது, எண்ணிக்கை கூடியதால் வந்தது, புதிதாக வந்த சரக்கால் வந்தது. விலையில், அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அனுமதித்த ஏற்றம் 2023 ஏப்ரலில் 12 சதவீதம், 2024-ல் கிட்டத்தட்ட பூஜ்யம், 2025-ல் 1.74 சதவீதம். ஆக, விலையில் ஏற்றம் காட்டுவது இப்போது கஷ்டம். புதுச் சரக்கில்தான் 2024-25 ஓடியது. சனோஃபியின் தடுப்பூசிகளை, ஹெக்ஸாக்ஸிம், டெட்ராக்ஸிம், அடாசெல் போன்றவற்றை, இந்தியாவில் விநியோகிக்கும் உரிமை 2024-ல் இவர்களுக்கு வந்தது. நல்ல வியாபாரம்தான். ஆனால் அடுத்தவர் தயாரித்ததை விற்றுக் கொடுப்பதில் நிற்கிற பணம், சொந்த ஓமெஸில் நிற்பதைப்போல இருக்காது. விற்பனை முழுதாகக் கணக்கில் ஏறும், லாபம் பாதியாகத்தான் கூட வரும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லத் தோன்றுகிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஸ்டாக்கிஸ்ட் கிடங்குக்குப் போயிருக்கிறீர்களா? நான் பார்த்த ஒரு வருடம், மார்ச் 29-ம் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒரு கம்பெனி ரெப் வந்து நின்றார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அவருடைய ஏரியா இலக்குக்கு இன்னும் கொஞ்சம் பில் தேவை. இருமல் மருந்து அறுபது பெட்டி இறங்கியது. கோடை ஆரம்பத்தில் இருமல் மருந்து யாருக்கு? ஜூலையில் பாதி அப்படியே இருந்தது, காலாவதி நெருங்கியதும் திரும்பிப் போயிற்று. அன்று இரவு அந்தக் கம்பெனியின் கணக்கில் அது 'விற்பனை'. அதிலிருந்து ஒரு கம்பெனியின் நான்காம் காலாண்டைப் பார்த்தால், அடுத்த முதல் காலாண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எதுவும் சொல்வதில்லை. டாக்டர் ரெட்டிஸ் இந்தியக் கணக்கை நான் அப்படிப் பார்த்தேன். 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 1,471 கோடி, அதாவது 11 சதவீத ஏற்றம். அடுத்த காலாண்டில் 1,578 கோடி, 13 சதவீதம். இது எனக்கு நிம்மதி தந்த எண். சந்தையின் வேகத்துக்குக் குறையாமல் ஓடுகிறார்கள்.

நெஸ்லேவோடு 51-க்கு 49 என்ற பங்கில் ஆரம்பித்த ஊட்டச்சத்துக் கூட்டு நிறுவனம், டகேடாவிடமிருந்து வாங்கிய வோனோப்ரஸான் உரிமை, மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கான டோரிபாலிமாப் ஆகியவையும் இந்தியத் திட்டத்தில் இருக்கின்றன. இவற்றில் வோனோப்ரஸான் மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ஓமெஸ் எழுதும் அதே மருத்துவரிடம், அதே ரெப், அதே வயிற்றுப் புண்ணுக்கான அடுத்த தலைமுறை மருந்தைக் கொண்டுபோகிறார். புதிதாகக் கதவு தட்ட வேண்டியதில்லை.

அடுத்து எல்லோரும் பேசுகிற செமாக்ளூடைட். ஓசெம்பிக், வெகோவி என்று நோவோ நார்டிஸ்க் விற்கும் சர்க்கரை, உடல் எடை ஊசி மருந்து. இந்தியாவில் அதன் காப்புரிமை 2026 மார்ச் வரை. கனடாவின் கதை விசித்திரமானது. அங்கே நோவோ தன் காப்புரிமைக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டதால் காப்புரிமை காலாவதியாகிவிட்டது. தாமதக் கட்டணத்தோடு சேர்த்தே அது சில நூறு கனடிய டாலர்தான். தரவுப் பாதுகாப்பு, அதாவது அவர்களுடைய பரிசோதனை விவரங்களை வைத்து மற்றவர்கள் அனுமதி வாங்க முடியாது என்ற விதி மட்டும் 2026 ஜனவரி தொடக்கம் வரை அவர்களைக் காத்தது. டாக்டர் ரெட்டிஸ் தலைமை நிர்வாகி எரெஸ் இஸ்ராயேலி 2025-ல் இந்த மருந்தை 87 நாடுகளில் கொண்டுவருவோம் என்று சொன்னார். லெனலிடோமைட் விட்டுச்செல்லும் பள்ளத்தை முதலில் நிரப்பப்போவது கனடாதான் என்று பங்குச்சந்தையும் கணக்குப் போட்டது. ஆனால் 2025 அக்டோபர் கடைசியில் கனடாவின் சுகாதாரத் துறை இவர்களுடைய விண்ணப்பத்தில் கூடுதல் விவரம் கேட்டு 'இணங்கவில்லை' என்ற குறிப்பை அனுப்பியது. பங்கு விலை அதற்கடுத்த நாளே அடிவாங்கியது.

இதில் நான் பார்ப்பது வேறொன்று. செமாக்ளூடைட் ஒரு பெப்டைட், அதாவது அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் மருந்து. அதன் மூலமருந்தைத் தாங்களே தயாரிக்கிறார்கள். அந்தத் திறமை ஒரு மருந்தோடு தீர்ந்துபோவதில்லை. அதே நேரம் இந்தியாவில் இந்த மருந்துக்கு வரிசையில் நிற்கும் கம்பெனிகள் ஒன்றிரண்டு அல்ல. விலை வேகமாக விழும். அளவு வரம்பு போட்டுக் காத்த லெனலிடோமைட் லாபம் இங்கே திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டம் அதிகமான சந்தையில் கிடைப்பது அளவான லாபம்தான்.

பழைய நினைவு ஒன்று. 1997-ல் அஞ்சி ரெட்டியின் ஆராய்ச்சிக்கூடம் கண்டுபிடித்த பாலாகிளிட்டஸோன் என்ற சர்க்கரை நோய் மூலக்கூறின் உரிமையை இதே நோவோ நார்டிஸ்கிடம்தான் கொடுத்தார்கள். ஓர் இந்தியக் கம்பெனி தன் சொந்த மூலக்கூறை வெளிநாட்டுக்கு உரிமம் கொடுத்தது அதுவே முதல் தடவை. அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. சொந்தமாக ஒரு புது மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற அஞ்சி ரெட்டியின் ஆசை 2013-ல் அவர் மறையும்வரை நிறைவேறவில்லை. இன்று அதே நோவோவின் மருந்துக்கு ஜெனரிக் செய்ய இவர்கள் நிற்கிறார்கள். ஆண்டுக்கு 2,700 கோடிக்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய ஞாபகம் வரும்.

அந்த ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு பயோசிமிலர்களுக்குப் போகிறது, அதாவது உயிரணுக்களில் வளர்த்தெடுக்கும் மருந்துகளின் நிகர்மருந்துகளுக்கு. முக்கியமானது அபாடசெப்ட். மூட்டுவாதத்துக்கு பிரிஸ்டல் மையர்ஸ் விற்கும் ஓரென்ஸியாவின் நிகர்மருந்து. இந்த வகை மருந்தில் போட்டிக்கு ஆள் குறைவு, ஏனென்றால் செய்வது கடினம், நோயாளிகளிடம் பெரிய பரிசோதனை நடத்திக் காட்ட வேண்டும். 2007-லேயே ரிடுக்ஸிமாப் என்ற புற்றுநோய் மருந்தின் நிகர்மருந்தை ரெடிடக்ஸ் என்று இந்தியாவில் கொண்டுவந்த அனுபவம் இவர்களுக்கு உண்டு. ஆனால் இந்தியாவில் விற்பதும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெறுவதும் ஒன்றல்ல. கம்பெனியின் எதிர்காலத்தை நிஜமாகவே மாற்றக்கூடிய ஒன்று இந்த அபாடசெப்ட்தான் என்பது என் கணிப்பு. காலம் எடுக்கும்.

அமெரிக்க அனுமதி என்றதும் ஒரு பழைய காயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2015 நவம்பரில் மிரியாலகுடா, ஸ்ரீகாகுளம், துவ்வாடா ஆகிய மூன்று ஊர் ஆலைகளுக்கும் அமெரிக்க அமைப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சரிசெய்ய வருடங்கள் ஆயின. 2015-16-ல் 2,001 கோடியாக இருந்த லாபம் 2017-18-ல் 981 கோடிக்கு விழுந்தது. போட்டியும் விலைச் சரிவும் அதில் சேர்ந்துகொண்டன என்றாலும், ஒரு ஆய்வாளர் ஆலைக்குள் ஒரு வாரம் இருந்து எழுதும் குறிப்பு எத்தனை கோடியை அசைக்கும் என்று அப்போது தெரிந்தது. வளர்ச்சித் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாச்சுப்பள்ளி ஆலையில் ஒரு ஆய்வு தவறினால் அது தள்ளிப்போகும்.

சரி, அதன் பிறகு நிலைமை என்ன? 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாதத்தில் பள்ளம் தெரிய ஆரம்பித்துவிட்டது. வட அமெரிக்கா முதல் காலாண்டில் 11 சதவீதம் குறைந்து 3,412 கோடி, இரண்டாவதில் 13 சதவீதம் குறைந்து 3,241 கோடி. அதே நேரம் ஐரோப்பா இரண்டு காலாண்டிலும் இரண்டு மடங்குக்கு மேல், இந்தியா நான் சொன்ன ஏற்றம். எல்லாம் சேர்ந்து மொத்த விற்பனை இரண்டாம் காலாண்டில் ஏறக்குறைய 10 சதவீதம் கூடி 8,805 கோடி, லாபம் 1,437 கோடி. ஓட்டை விழுந்த இடத்தில் தண்ணீர் இறங்குகிறது, வேறு இரண்டு குழாயில் வருகிறது. அந்த ஆறு மாதத்தில் தொட்டி காலியாகவில்லை. ஆனால் நிகோடின் பிராண்டுகள் வந்து ஓராண்டு ஆன பிறகு ஐரோப்பா இப்படி இரட்டிப்பாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு அடுத்த கணக்குகளைப் படியுங்கள்.

நிர்வாகம் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு இரண்டிலக்க வளர்ச்சி, வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முன்பான லாபம் 25 சதவீதம், போட்ட முதலுக்கு 25 சதவீத வருவாய். லெனலிடோமைட் இருந்தபோது இந்த 25-ஐ எளிதாகத் தாண்டினார்கள். அது இல்லாமல் 25-ஐப் பிடிப்பது உடனே நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2026-27 லாபம் 2024-25-ஐவிடக் குறைவாக வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், பங்கை விற்கவும் மாட்டேன். என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போட்டது நீண்ட நாள் பணம் என்றால் நீங்களும் அவசரப்பட வேண்டாம். ஆனால் அடுத்த வருடமே பிள்ளையின் காலேஜ் கட்டணத்துக்கு இந்தப் பணம் தேவை என்றால் நிலைமை வேறு. அப்போது இந்தப் பள்ளம் கடக்கும்வரை காத்திருக்க உங்களுக்கு நேரம் இல்லை.

2025-26 ஆண்டுக் கணக்கைப் பார்க்கும்போது மொத்த வருவாயை விட்டுவிட்டு நேரே ஜனவரி-மார்ச் காலாண்டின் வட அமெரிக்க விற்பனை வரிக்குப் போங்கள். ஜனவரி 31-க்குப் பிறகான இரண்டு மாதம் அந்தக் காலாண்டில் இருக்கும். 3,241 கோடியை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கீழேயே விற்பனை, நிர்வாகச் செலவு இருக்கும். அமெரிக்க வருமானம் இறங்கும்போது அந்தச் செலவையும் பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.